விழக் கற்ற வித்தை

என் தமக்கை மகன் ஒருவன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன். என்னுடைய சரித்திர நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு நாள் மாலை என் எதிரே வந்து உட்கார்ந்தான். மாமனுடைய எழுத்தைப் பாராட்டப் போகிறான் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா, உங்கள் கதாநாயகன் ஒரே ஒரு கம்பை வைத்துக்கொண்டு பதினாறு பேரை அடித்துப் போடுகிறானே, அந்தப் பதினாறு பேரில் ஒருவனிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றான்.

"நாவல் அந்த அத்தியாயத்தோடு முடிந்திருக்கும்" என்றேன்.

"அப்படியானால் இந்தக் காலத்தில் அந்த மாதிரி வித்தைகளைக் கற்றுக்கொண்டு என்ன பிரயோஜனம்?"

பையன் சும்மா கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுடைய பள்ளிக்கூடத்தில் ஜூடோ வகுப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். சேரலாமா, கூடாதா என்று வீட்டில் இரண்டு நாளாக வாக்குவாதம். "உடம்புக்கு நல்லது, சேரட்டும்" என்கிறார் தகப்பனார். "கையைக் காலை ஒடித்துக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது?" என்கிறாள் என் தமக்கை. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பதில் தெரியாத கேள்வி வந்தால் இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு புத்தக அலமாரியைத் திறந்துகொள்ளலாம். அப்படித் திறந்து பார்த்ததில், இதே கேள்வியை எதிரே வைத்துக்கொண்டு ஒரு தேசமே திகைத்து நின்ற காலம் ஒன்று கண்ணில் பட்டது. தேசம் ஜப்பான். வருஷம் 1876.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஜப்பானிய சர்க்கார் ஒரு கட்டளை பிறப்பித்தது. படையினரும் போலீஸாரும் சடங்கு உடுப்பணிந்த அதிகாரிகளும் தவிர வேறு யாரும் இனிமேல் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு வெளியே வரக்கூடாது என்பதே அந்தக் கட்டளை.

கேட்பதற்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சாமுராய் குலத்தில் பிறந்தவனுக்கு இடுப்பிலே இரண்டு வாள்கள், நீளமானது ஒன்றும் குட்டையானது ஒன்றும் இருக்க வேண்டும். அவை வெறும் ஆயுதங்களல்ல. தெருவில் அவனைக் கண்டதும் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டது அந்த வாள்களுக்காகத்தான். 1868-ல் பழைய ஷோகன் ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி வந்தது. 1873-ல் கட்டாய ராணுவ சேவை வந்தது. குடியானவன் மகன் துப்பாக்கி ஏந்திப் போர்வீரன் ஆனான். 1876-ல் வாளுக்குத் தடை வந்தது மட்டுமல்ல. பரம்பரையாகச் சாமுராய்களுக்கு அளந்து வந்த மானியத்தையும் அதே வருஷத்தில் கடன் பத்திரமாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாளும் போயிற்று, படியும் போயிற்று.

வாள் ஒன்றைத் தவிர வேறொன்றும் அறியாதவன் என்ன செய்வான்? ஷோகன் சர்க்காரின் படைப்பயிற்சிக் கூடத்தில் ஆசிரியராக இருந்தவர் ஸகாகிபாரா கென்கிச்சி என்ற வாள் வித்தைக்காரர். அவர் 1873-லேயே டோக்கியோவில் அஸாகுஸா என்ற இடத்தில் ஒரு காட்சி நடத்தினார். காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விட்டு, அவர்கள் எதிரே வாள் வித்தையை ஆடிக் காட்டும் காட்சி. கூட்டம் நன்றாகத்தான் கூடியது. வித்தைக்காரர்களுக்குச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் பிரபுக்களின் சபையில் மதிப்போடு நின்ற வித்தை கூத்துக் கொட்டகையில் வந்து நிற்கிறதே என்று மனம் நொந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பசித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வெறுங்கையால் எதிரியைப் பிடித்து வீழ்த்தும் ஜுஜுத்ஸு என்ற வித்தையைக் கற்றவர்களின் கதி இதைவிட மோசம். அதைக் காசு கொடுத்துப் பார்க்கக்கூட அதிகம் பேர் வரவில்லை. அவர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டும், சுளுக்கு எடுத்துவிட்டும் ஜீவனம் செய்தார்கள். மூட்டை எப்படிக் கழற்றுவது என்று அறிந்தவனுக்கு அதைத் திரும்பப் பொருத்தவும் தெரியும் அல்லவா? நம் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்களில் கட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டு என்பதை அறிந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

இந்தச் சமயத்தில் டோக்கியோ நகரத்துத் தெருக்களில் ஒரு பையன், எலும்பு வைத்தியர்களின் பெயர்ப் பலகைகளைத் தேடிக்கொண்டு அலைந்தான். அவனுக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை. வைத்தியம் பார்க்கிறவர் யாராவது பழைய வித்தை அறிந்தவராக இருக்கமாட்டாரா என்ற நைப்பாசைதான்.

பையன் பெயர் ஜிகோரோ கானோ. 1860-ல் கோபே அருகில் மிகாகே என்ற ஊரில், அரிசி மது காய்ச்சும் செல்வக் குடும்பத்தோடு சம்பந்தப்பட்ட வீட்டில் பிறந்தவன். படிப்பில் கெட்டிக்காரன், இங்கிலீஷ் நன்றாக வரும். ஆனால் உடம்பு நோஞ்சான். வயது வந்த பிறகும் உயரம் ஐந்தடியைச் சற்றே தாண்டியது. விடுதிப் பள்ளியில் முரட்டுப் பையன்கள் அவனைப் பிடித்து உருட்டி விளையாடினார்கள். படிப்பில் அவர்களைத் தோற்கடித்தவனுக்கு மைதானத்தில் மானம் போயிற்று. பலசாலியைப் பலவீனன் வெல்லும் வித்தை ஒன்று பழைய காலத்தில் இருந்தது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "அதெல்லாம் காலம் கடந்த சமாசாரம், படிக்கிற வேலையைப் பார்" என்றார்கள். என் மருமகன் கேட்ட கேள்வியைத்தான் அந்தக் காலத்து ஜப்பான் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது என்று பாருங்கள்!

1877-ல் கானோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அதே வருஷம் ஓர் எலும்பு வைத்தியர் மூலமாகப் புகுடா ஹாச்சினோசுகே என்ற இன்னோர் எலும்பு வைத்தியர் அவனுக்குக் குருவாகக் கிடைத்தார். புகுடாவின் போதனை முறை ஒரே மாதிரியானது. சிஷ்யனைத் தூக்கித் தரையில் போடுவார். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கானோ கேட்டால், "இங்கே வா" என்று கூப்பிட்டு மறுபடியும் தூக்கிப் போடுவார். மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதேதான். பல தடவை விழுந்தால் தானே விளங்கும் என்பது அவருடைய சித்தாந்தம். பகலில் பல்கலைக்கழகத்தில் பாடம், மாலையில் வைத்தியர் வீட்டில் விழுதல். உடம்பெல்லாம் ரணமும் களிம்புமாக இருந்தான் பையன்.

அந்தக் கூடத்தில் ஒரு பருத்த மனிதர் இருந்தார். கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ மல்லரிடம் போய் யோசனை கேட்டான், பலிக்கவில்லை. கடைசியில் கானோ செய்த காரியம்தான் என்னைப் போன்றவனுக்கு மிகவும் பிடித்தது. நூல்நிலையத்துக்குப் போனான்! மேல்நாட்டு மல்யுத்தத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினான். எதிரியின் காலைப் பிடித்து, குனிந்து, அவனைத் தோளின் குறுக்கே மூட்டைபோல் தூக்கிப் புரட்டும் முறை ஒன்று அதில் இருந்தது. அதை ரகசியமாகப் பழகிக்கொண்டு வந்து, அந்தப் பருத்த மனிதரைத் தூக்கிப் போட்டுவிட்டான். அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கிழவனான பிறகும் மறக்காமல் எழுதியிருக்கிறான். பழைய வித்தையைக் காப்பாற்றப் புறப்பட்டவன், அன்னியருடைய புத்தகத்தைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1879-ல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் ஜப்பானுக்கு வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக நடந்த வித்தைக் காட்சியில் புகுடாவும் கலந்துகொண்டார். மாணவன் கானோவும் கலந்துகொண்டான். அதே மாதத்திலேயே புகுடா காலமானார். வித்தைச் சுவடிகளை அவர் குடும்பத்தார் கானோவின் கையில் ஒப்படைத்தார்கள். பதினெட்டு வயதுப் பையன் கையில் ஒரு பரம்பரையின் பாரம் வந்து இறங்கியது. இந்தப் புகுடாவின் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1882-ஆம் வருஷம் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோவிலில் இடம் வாடகைக்குப் பிடித்து, கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். இனி 'அவன்' என்று சொல்வது மரியாதையல்ல, ஆசிரியராகிவிட்டார். கூடத்தின் அளவு பன்னிரண்டு பாய். முதல் வருஷத்தில் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர். அவர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போட்ட வேகத்தில் கோவிலின் தரைப் பலகைகள் உடைந்தன. இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்ந்து போய்க் கானோவே பலகையைச் சரி செய்ததுண்டு. வழிபாட்டுக்கு வைத்திருந்த பெயர்ப் பலகைகள் அதிர்ந்து விழ, கோவில் குருக்கள் வந்து முறையிட்டதும் உண்டு. பள்ளிக்கு 'கோடோகன்' என்று பெயர் வைத்தார். 'வழியைக் கற்கும் இல்லம்' என்று பொருள். வித்தையின் பெயரையும் மாற்றினார். 'ஜுஜுத்ஸு' என்றால் மென்மையின் தந்திரம். 'ஜூடோ' என்றால் மென்மையின் வழி.

பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம். கானோ மாற்றியது பெயரை மட்டுமல்ல. உயிருக்கு ஆபத்தான குத்துகளையும் பிடிகளையும் தனியே பிரித்து, மெதுவாகச் செய்து காட்டும் ஒழுங்குமுறைப் பயிற்சியாக வைத்தார். மீதியைக் கொண்டு, இருவர் முழு பலத்தோடு மோதினாலும் இருவரும் எழுந்து வீட்டுக்குப் போகும்படியான பயிற்சியை அமைத்தார். அதற்கு அஸ்திவாரமாக ஒரு பாடத்தைப் போட்டார். 'உகெமி' என்று அதற்குப் பெயர். விழும் முறை.

விழுவதற்கு ஒரு முறையா என்று தோன்றும். முகவாயை மார்போடு ஒட்டி, பின்மண்டை தரையில் மோதாமல் காத்துக்கொண்டு, கையால் பாயில் அறைந்து, விழுந்த வேகம் முதுகு முழுவதும் பரவும்படி விழ வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று அதில் வகைகள் உண்டு. அதைக் கற்றுக்கொண்டவனைத்தான் தூக்கிப் போடலாம். தூக்கிப் போடுகிறவனும் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கடைசி விநாடியில் அவன் தலை மோதாதபடி தாங்கிக்கொள்ள வேண்டும். வீழ்த்துகிறவன் கையிலேயே விழுகிறவனுடைய பாதுகாப்பை ஒப்படைத்த வித்தை இது.

அதன் தத்துவத்தைக் கானோ ஒரு கணக்கு மூலம் விளக்குவார். எதிராளியின் பலம் பத்து, என் பலம் ஏழு என்று வைத்துக்கொள்வோம். அவன் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். எதிர்க்காமல் அந்த அளவுக்குப் பின்வாங்கினால், அவன் தன் வேகத்தாலேயே சாய்ந்து நிலை தடுமாறுவான். அந்த நிமிஷத்தில் அவன் பலம் பத்தல்ல, மூன்றுதான். என் ஏழு அப்படியே இருக்கிறது. இதுவே மென்மை. பிற்காலத்தில், 1922-ல், அவர் தம் கொள்கைக்கு இரண்டு வாக்கியங்களைச் சூத்திரம்போல் வைத்தார். உள்ள ஆற்றலை நல்ல முறையில் முழுதும் பயன்படுத்து என்பது ஒன்று. நீயும் பிறரும் சேர்ந்து செழிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

கானோவுக்கு ஜீவனம் ஜூடோவினால் அல்ல. அவர் தொழிலால் கல்வி அதிகாரி. டோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய கல்விக்கூடத்தில் 1902 முதல் 1904 வரை படித்த ஒருவர்தான் பின்னாளில் சீனத்தின் தலைசிறந்த எழுத்தாளராக விளங்கிய லூ சுன். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் என்ற பெயர் கானோவுக்குக் கிடைத்தது. 1911-ல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோவையும் வாள் பயிற்சியையும் பாடமாகக் கற்பிக்க வழி ஏற்பட்டது. கொட்டகையில் நின்ற வித்தை பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது.

நம் தேசத்துக்கும் அது வந்தது. 1929-ல் ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பின்பேரில் தகாகாகி ஷின்ஸோ என்ற கோடோகன் ஆசிரியர் சாந்திநிகேதனத்துக்கு வந்து ஜூடோ கற்பித்தார். பையன்கள் மட்டுமல்ல, பெண்களும் கற்றார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னுடைய தாயார் அமிதா சென், அக்காலத்தில் அங்கே ஜூடோ பயின்ற பெண்களில் ஒருவர்.

இதுவரை படித்த வாசகர்கள், "எல்லாம் சுபமாக முடிந்ததாக்கும்" என்று எண்ணக்கூடும். சரித்திரம் அவ்வளவு சுலபமாகச் சுபம் போடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த வித்தைக்கு இனி எஜமானன் யார் என்ற கேள்வி எழுந்தது. 1931-ல் நடுநிலைப் பள்ளிகளில் இந்த வித்தைகள் கட்டாயப் பாடமாயின. அதே வருஷம் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படை புகுந்தது. மாணவனுக்கு மென்மையைச் சொல்லித்தர வந்த வித்தையை, சிப்பாய்க்குக் கீழ்ப்படிதலைச் சொல்லித்தரும் கருவியாக ராணுவ சர்க்கார் எடுத்துக்கொண்டது.

கானோ முதுமையில் ஒரே ஓர் ஆசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1940 ஒலிம்பிக் பந்தயம் டோக்கியோவில் நடக்க வேண்டும். 1936-ல் அதைப் பெற்றும் விட்டார். மறுவருஷமே சீனத்தோடு யுத்தம் மூண்டது. 1938-ல் எகிப்தில் கெய்ரோ நகரத்தில் கூடிய ஒலிம்பிக் குழுவின் எதிரே டோக்கியோவுக்காக வாதாடிவிட்டு, 'ஹிகாவா மாரு' என்ற கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஊர் போய்ச் சேரவில்லை. மே மாதம் 4-ஆம் தேதி, 77-ஆவது வயதில், நடுக்கடலில் நிமோனியா ஜுரத்தால் இறந்துபோனார். ஜூலை மாதத்தில் ஜப்பானே அந்த ஒலிம்பிக்கை வேண்டாமென்று கைவிட்டது. அந்தக் கப்பல் இன்றைக்கும் யோகோஹாமா துறையில் காட்சிப் பொருளாகக் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது.

1945-ல் ஜப்பான் தோற்றது. யுத்த வெறியை ஊட்டியவை என்று சொல்லி, பள்ளிக்கூடங்களில் இந்த வித்தைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். 1876-ல் சொந்த சர்க்கார் வாளைப் பிடுங்கியது. 1945-ல் வென்ற அன்னியர் பாயைச் சுருட்டச் சொன்னார்கள். இரண்டாவது தடவையும் வித்தை பிழைத்தது. 1950-ல் பள்ளிகளில் ஜூடோவுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. அதைவிட வேடிக்கை என்னவென்றால், வென்ற அமெரிக்கர்களே அதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். 1952-ல் அமெரிக்க விமானப் படை தன் ஆட்களைக் கோடோகனுக்கே பயிற்சிக்கு அனுப்பியது. எதிர்க்காமல் பின்வாங்கி எதிரியை நிலைகுலைய வைப்பது என்பது இதுதானோ என்னவோ!

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது ஜூடோ அதில் முதல்முறையாக இடம்பெற்றது. அதற்கென்றே 'புடோகன்' என்ற பெரிய மண்டபத்தைக் கட்டினார்கள். மொத்தம் நான்கு பிரிவுகள். முதல் மூன்றிலும் தங்கப் பதக்கம் ஜப்பானியருக்கே. நான்காவது, எடை வரம்பு இல்லாத பிரிவு. பலவீனன் பலசாலியை வெல்வான் என்ற வாக்கு மெய்யா பொய்யா என்று பார்க்கும் பிரிவு அதுதான். அக்டோபர் 23-ஆம் தேதி, ஜப்பானின் காமினாகா அகியோவும், ஆறரை அடி உயரமுள்ள ஹாலந்துக்காரர் ஆன்டன் கீசிங்கும் மோதினார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போராட்டம் நடந்தது. கீசிங்க் காமினாகாவைப் பாயில் சாய்த்து, கழுத்தையும் கையையும் அணைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். காமினாகாவால் எழ முடியவில்லை. மண்டபத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஜப்பான் தோற்றுவிட்டது.

ஆனால் கதை அதுவல்ல. வெற்றி முழக்கம் செய்துகொண்டு ஹாலந்துக்காரர்கள் பாயை நோக்கி ஓடி வந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி, வராதே, நில் என்று அவர்களைத் தடுத்துவிட்டார். தோற்றவன் இன்னும் எழவில்லை; அவனுக்கு வணக்கம் செலுத்தி முடியவில்லை; அதற்குள் கொண்டாட்டமா? அந்தக் கையைப் பார்த்த ஜப்பானியர் பலருக்கு, பதக்கம் போன வருத்தத்துக்கு நடுவில் வேறொன்றும் தெரிந்தது. வித்தை மட்டும் கடல் கடந்து போகவில்லை; அதன் உயிரும் கூடவே போயிருக்கிறது.

புகுடாவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அவருடைய பேத்தி கெய்கோ புகுடா, 1913-ல் பிறந்தவர். தம் முதல் குருவின் பேத்தியைக் கானோவே ஜூடோ கற்க அழைத்தார். 1935-ல் கோடோகனில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத சின்ன உருவம். கல்யாணம் பேசி வந்தபோது, ஜூடோவை விட வேண்டியிருக்குமே என்று கல்யாணத்தை விட்டார். பெண்களுக்கு ஐந்தாம் படிக்கு மேல் கிடையாது என்று அந்தக் காலத்தில் வைத்திருந்தார்கள். ஆகவே பல வருஷம் அதே படியில் நின்றார். 1966-ல் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போய், அங்கேயே தங்கிக் கற்பித்தார். 1972-ல் ஆறாம் படி வந்தது. 2011-ல், 98-ஆவது வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு மிக உயர்ந்த பத்தாம் படியை அளித்தது. பழைய வித்தைக்குப் பொறுமை எவ்வளவு தேவையோ, அவ்வளவு பொறுமை அந்த வித்தையைக் காப்பவர்களோடும் தேவைப்பட்டது அந்த அம்மாளுக்கு.

2013-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், 99-ஆவது வயதில் அவர் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஜப்பான் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. தேசியக் குழுவைச் சேர்ந்த பதினைந்து வீராங்கனைகள், பயிற்சி என்ற பெயரில் தங்களை அடிக்கிறார்கள் என்று ஒலிம்பிக் சங்கத்திடம் முறையிட்ட செய்தி.

இன்னொரு விஷயம் இதைவிட வேதனையானது. 1983 முதல் 2011 வரையில் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் ஜூடோ பயிலும்போது இறந்துபோன மாணவர்கள் நூறுக்கும் மேற்பட்டவர்கள். பலருக்குத் தலையில் காயம். அவர்களில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் அதிகம். தலை தரையில் மோதினால்தான் ஆபத்து என்பதில்லை. வேகமாகச் சுழற்றிப் போடும்போது மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஓடும் ரத்தக் குழாய் அறுந்துபோவதுண்டு. விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். களைத்துப் போன பின்பும் எழுந்திரு, எழுந்திரு என்றார்கள். 2012-ல் நடுநிலைப் பள்ளிகளில் வீரக்கலை ஒன்றைக் கட்டாயப் பாடமாக்கியபோது, பெற்றோர்கள் நடுங்கியதில் வியப்பில்லை. பிரான்ஸில் ஜப்பானைவிட மிக அதிகம் பேர் ஜூடோ பயில்கிறார்கள். அங்கே காசு வாங்கிக்கொண்டு ஜூடோ கற்பிக்கிறவர் அரசாங்கத்தின் தகுதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும் என்று 1955-லேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

ஜப்பானியர் இதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. 2022-ல் அவர்களுடைய தேசிய ஜூடோ சங்கம், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நடத்தி வந்த தேசியத் தனிநபர்ப் போட்டியையே நிறுத்திவிட்டது. எடைப் பிரிவுக்காகக் குழந்தைகளைப் பட்டினி போடுவதும், பெற்றோர்களும் ஆசிரியர்களும் பாயின் ஓரத்தில் நின்று கூச்சல் போடுவதும் கானோ காட்டிய வழியல்ல என்று சொல்லி நிறுத்தினார்கள். பதக்கத்துக்காக உயிர் வாழும் இந்தக் காலத்தில், ஒரு சங்கம் தானே முன்வந்து தன் போட்டியை விட்டது சாதாரண விஷயமல்ல. கீசிங்க் உயர்த்திய கையை, 58 வருஷம் கழித்து அவர்களும் உயர்த்தினார்கள்.

சர்வதேசப் போட்டிகளில் எதிராளியின் காலைக் கையால் பிடிக்கக்கூடாது என்று 2013-ல் விதி வந்தது. கானோ நூல்நிலையத்துப் புத்தகத்தில் கண்டுபிடித்த அந்தப் பிடியும் இதில் அடிபட்டுப் போயிற்று. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனால் பிடிகள் வரும், போகும். வித்தையின் உயிர் பிடியில் இல்லை என்பதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்?

துப்பாக்கி வந்த பிறகு இந்த வித்தைகளுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான். எதிரியைக் கொல்வதற்கு இவை வேண்டியதில்லை. அதற்கு மனிதன் எவ்வளவோ சுலபமான வழிகளைக் கண்டுபிடித்துவிட்டான். துப்பாக்கியின் விசையை இழுக்கிறவன், குண்டு பட்டவன் எப்படி விழுகிறான் என்று கவலைப்பட வேண்டியதில்லை. இந்த வித்தையில் மட்டுந்தான், எதிராளியின் எலும்பும் மூச்சும் நம் கைக்குள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொண்டே அவனை ஜயிக்க வேண்டியிருக்கிறது. அதை மறக்காத இடத்தில் அது மனிதனை வளர்க்கிறது. மறந்த இடத்தில் குழந்தைகள் செத்துப் போகிறார்கள். நடுவழி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

தமக்கையிடம் போய், "பையன் சேரட்டும். ஆனால் சேர்ப்பதற்கு முன்பு வாத்தியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்" என்றேன்.

"எத்தனை பதக்கம் வாங்கியிருக்கிறீர்கள் என்றா?"

"இல்லை அக்கா. விழுவதற்கு எத்தனை நாள் சொல்லித் தருவீர்கள் என்று."

கேட்டோம். வாத்தியார் பதில் சொல்லவில்லை. எங்களைக் கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒருவரும் தள்ளாமலே தாமாக விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்துகொண்டிருந்தார்கள். என் தமக்கை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உடுப்பு எங்கே வாங்குவது?" என்று கேட்டாள்.

மருமகனுக்குத்தான் இதில் மனக்குறை. "மூன்று வாரமாக விழவே சொல்லித் தருகிறார், மாமா. இன்னும் ஒருத்தனைக்கூடத் தூக்கிப் போடவில்லை" என்கிறான்.

அவனுக்கு என்ன சமாதானம் சொல்வது? என்னுடைய நாவல்களை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ கதாநாயகர்களை உண்டாக்கி, எத்தனையோ பேரை அடித்துப் போட வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவனுக்காவது விழத் தெரியுமா என்பது சந்தேகந்தான்.